வாயில் ஒன்றுமில்லை

ஒரே பெயரை மூன்று முறை கூப்பிடுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டவாலி. நீதிபதி அறை வாசலில் நின்று, அடுத்து எடுக்கப்போகிற வழக்கின் கட்சிக்காரர் பெயரை வராந்தாவின் கடைசி வரை கேட்கிற மாதிரிக் கூவ வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வந்து ‘ஆஜர்’ சொல்லவில்லை என்றால், அவன் இல்லாமலே வழக்கு நடக்கும். பெரும்பாலும் அவனுக்கு எதிராகத்தான் முடியும். என் குரல் கேட்டால் வெளியே வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருக்கிறவன் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஆயுசுக்கும் போதுமான அளவு பெயர்களைக் கூவியாகிவிட்டதால் இங்கே யார் பெயரையும் எழுதப் போவதில்லை, என் பெயர் உட்பட.

குரல் அப்படி நிலைத்ததற்கு வெற்றிலைதான் காரணம் என்பது என் கட்சி. புகையிலை கிடையாது. கொழுந்து வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஆள்காட்டி விரல் நுனியில் தொட்டுத் தடவிய சுண்ணாம்பு, அவ்வளவுதான். மடித்து வலது கடைவாயில் அதக்கிக்கொண்டால் அரை நாள் ஓடிவிடும். வீட்டுக்காரிக்கு அது பிடிக்காது. வாயில் வெற்றிலை இருக்கும்போது நான் பேசுவது மனுஷப் பேச்சு மாதிரியே இல்லை என்பாள். கோர்ட்டில் கூவும்போது மட்டும் துப்பிவிட்டு வருகிறீர்களே, வீட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் குழறல் என்று கேட்பாள். நியாயமான கேள்விதான்.

ஓய்வு பெற்று ராஜபாளையத்தில் வீட்டோடு இருந்தபோது மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில். பிறகு அய்யனார் கோவிலுக்குப் போகிற பாதையில், இத்தனை வருஷம் பேசிக்கொண்டே நடந்த வழியில், ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டியது. மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வாசலில் இருக்கும் வால்வு இறுகிப்போய் சரியாகத் திறக்கவில்லை என்றார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடை இடுக்கில் ரத்தக்குழாய் வழியாக ஒரு குழாயை விட்டுப் புது வால்வைக் கொண்டுபோய் வைத்துவிடலாம், இந்த வயசுக்கு அதுதான் நல்லது என்றார் டாக்டர். அதுவரை எல்லாம் சுமுகமாகத்தான் போனது. அப்புறம் அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொன்னார்.

“ஒங்க வால்வுல சுண்ணாம்பு படிஞ்சிருக்கு” என்றார்.

வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். எதிர்க்கட்சி சாட்சியே தனக்குச் சாதகமாகப் பேசிவிட்டால் வக்கீல்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். டாக்டர் பதறிப்போய், அது உடம்பில் இருக்கிற கால்சியம், வயசானால் படியும், வெற்றிலைச் சுண்ணாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எவ்வளவோ சொன்னார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும், “படிச்சவிய, நம்ம மனசு நோகக் கூடாதுன்னு மாத்திச் சொல்லுதாவ” என்றாள். அதோடு தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது, மேல்முறையீடு கிடையாது.

ஆஸ்பத்திரியில் சேர்க்கிறபோது நர்ஸ் பேஷண்ட் பேர் என்ன என்று கேட்டாள். வீட்டுக்காரி மகளைப் பார்த்தாள். மகள்தான் சொன்னாள். கல்யாணமானதிலிருந்து என் பெயர் வீட்டுக்காரி வாயில் வந்ததே இல்லை. எனக்கு ‘இந்தாங்க’. மற்றவர்களிடம் ‘அவிய’. என் பெயரே உள்ள பால்கோவாக் கடைக்காரர் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் உண்டு. அவரைக்கூட ‘ஒங்க பேருக்காரவிய’ என்றுதான் சொல்வாள். நர்ஸுக்கு இதெல்லாம் புரிந்திருக்காது.

வால்வு வைத்தது சுலபமாக முடிந்தது. எழுந்து நடந்தேன், மூச்சு வாங்கவில்லை. கிளம்புகிற அன்று டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பக்கவாதத்தைப் பற்றிச் சொன்னார். பழைய வால்வில் இருந்த சுண்ணாம்புத் துகள் உதிர்ந்து ரத்தத்தோடு மூளைக்குப் போகலாம். அது பெரும்பாலும் முதல் சில நாளில். அதற்குப் பிறகும், புது வால்வின் மேல் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி போய் மூளையில் அடைக்கலாம். அதற்குத்தான் மாத்திரை, விடாமல் சாப்பிட வேண்டும். எல்லோருக்கும் வராது, சிலருக்கு வரும். யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வந்தால் முகம் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தூக்க வராது, பேச்சு குழறும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், காத்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்கு நஷ்டம் என்றார்.

வீட்டுக்காரி அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டாள். முகம், கை, பேச்சு. சுப்ரபாதம் மாதிரி தினமும் காலையில் எனக்கு மூன்று பரீட்சை. முதலில் சிரிக்க வேண்டும். எனக்குச் சிரித்துப் பழக்கமில்லை. வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிற டவாலியை எவன் மதிப்பான்? பல்லைக் காட்டினால் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்து, இது சிரிப்புதானா, இல்லை கோணிக்கொண்டதா என்று கேட்பாள். பிறகு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்க வேண்டும். கடைசியில் ஒரு வாக்கியம் பேச வேண்டும். என்ன வாக்கியம் என்று டாக்டர் சொல்லாததால் நான் கோர்ட்டுக் கூப்பாட்டையே எடுத்துக்கொண்டேன். வாதியாக அவளையும் பிரதிவாதியாக என்னையும் வைத்துத் தெருவே கேட்கிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் அதைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்கிறேன் என்பார்.

இது வேடிக்கையாகத்தான் தொடங்கியது. கொஞ்ச நாளில் வேடிக்கை போய்விட்டது. மகள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். ஹாலில் ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போனாள். நான் சாய்ந்து உட்கார்ந்தால் போன் வரும், ஏன் அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறீர்கள் என்று. தூங்கினால் போன் வரும். கிரில் கேட்டை உள்பக்கம் பூட்டிச் சாவியை வீட்டுக்காரி முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் கோர்ட்டு வாசலில் பழைய ஆட்களோடு செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டேன். வழியில் வந்துவிட்டால் யார் பார்ப்பார்கள் என்றாள். வால்வு கெட்டிருந்தபோது படியேறினால்தான் மூச்சு முட்டியது. வால்வைச் சரிசெய்த பிறகு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே முட்டியது.

பயம் எனக்கும் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவள் வைத்த பரீட்சை போதாதென்று, கண்ணாடி முன்னால் நின்று நானே வைத்துக்கொள்வேன். ஷேவ் செய்யும்போது வாயின் ஓரம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். சட்டைப் பொத்தான் நழுவினால் கையை விரித்து மடக்கிப் பார்ப்பேன். என் உடம்புக்குள்ளே ஒரு துகளோ ஒரு கட்டியோ எந்த நேரமும் கிளம்பலாம் என்று தெரிந்துகொண்டு காபி குடிப்பது லேசான காரியமில்லை. அந்த வீட்டில் அவள் என்னைக் காவல் காத்தாள், நான் என்னைக் காவல் காத்தேன். இரண்டு பேரில் என் காவல்தான் கொடுமையாக இருந்தது.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையை அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் வீடியோவில் கூப்பிட்டாள். நான் யோசிக்காமல் எடுத்துப் பேசினேன். அவள் கண்ணுக்குத் தெரிந்தது, ஒரு பக்கம் புடைத்த கன்னம், கோணின வாய், குழறுகிற அப்பா. அங்கிருந்தே அழுதுகொண்டே 108-க்குச் சொல்லிவிட்டாள். ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வந்து, வந்தவர்கள் ஸ்ட்ரெச்சரை இறக்கி, பக்கத்து வீடுகளெல்லாம் வாசலுக்கு வந்த பிறகு நான் எழுந்துபோய் வாய்க்கால் ஓரம் துப்பிக் காட்டினேன். ஆம்புலன்ஸ் பையன்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். மகள் நாலு நாள் என்னோடு பேசவில்லை. வீட்டுக்காரி வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டாள்.

“இனிமே ஒங்க வாயில வெத்தலயப் பாத்தேன், நானே வெரல விட்டுத் தோண்டி எடுத்துருவேன்” என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. பஸ் போச்சு, கோர்ட்டு வாசல் போச்சு, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிற சுதந்திரமும் போச்சு. மிச்சமிருந்தது அந்த ஒரு மடிப்பு வெற்றிலை. விட மனசில்லை. கொல்லையில் முருங்கை மரத்தில் ஒரு வெற்றிலைக் கொடி படர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஆகும் என்று அதை மட்டும் அவள் பிடுங்கவில்லை. பாக்கைப் பூஜைத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்வேன். சுண்ணாம்பு டப்பியைத் துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒரு சந்தில் சொருகி வைத்திருந்தேன். அந்த இடத்துக்குக் கேமரா வராது, சமையலறை ஜன்னலும் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை அங்கே போய் நிற்பேன். மேற்கே மலை தெரியும். மென்றுகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வீட்டில் எனக்கென்று இருந்த இடம் அவ்வளவுதான். அவளும் ஒரு தடவை மோப்பம் பிடித்துக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். அன்று துப்பிக் கொப்பளித்துவிட்டு நல்ல பிள்ளையாக உள்ளே போனேன்.

அது நடந்தது ஒரு முற்பகல். கொடியில் ஓர் இலையைக் கிள்ளி இடது கையில் வைத்துக்கொண்டு, டப்பியைத் திறந்து வலது விரலால் சுண்ணாம்பைத் தொட்டேன். அந்த விரலை இலைக்குக் கொண்டுபோக வேண்டும். போகவில்லை. கை தொங்கிக்கொண்டிருந்தது. வலிக்கவில்லை, மரத்துப்போன மாதிரிகூட இல்லை. நான் சொல்கிறேன், அது கேட்கவில்லை. ஒரு கணம் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு புரிந்தது. கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். வராந்தாவின் கடைசி வரை கேட்ட குரல். வந்தது ஒரு கொழகொழ சத்தம்.

அந்தச் சத்தம் கேட்டு அவள் வந்தாள். நான் காப்பாற்றப்பட்டேன் என்று நினைத்தேன். அவள் பார்த்ததை இப்போது எண்ணிப் பார்த்தால் அவளைக் குறை சொல்ல முடியாது. ஒரு கையில் வெற்றிலை, மறு விரலில் சுண்ணாம்பு, திறந்த டப்பி, இழுத்துக்கொண்டு நிற்கிற வாய், குழறல். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“துப்புங்க” என்றாள்.

இல்லை என்று சொன்னேன். அதாவது, சொன்னதாக நினைத்தேன். எனக்குள்ளே வார்த்தை முழுசாக, சுத்தமாக இருந்தது. வெளியே வந்தது வெற்றிலைக்காரன் குழறல்தான்.

“என்ட்டப் பேசாதீங்க, மொதல்ல துப்புங்க. எம்புட்டு சொன்னாலும் ஒங்களுக்கு ஒறைக்காதா?”

வாயை அகலத் திறந்து காட்டலாம் என்று நினைத்தேன், அதுவும் பாதிதான் திறந்தது. அவள் என் கையிலிருந்த இலையைப் பிடுங்கி எறிந்தாள். திட்டினாள். சுண்ணாம்பால்தானே நெஞ்சே கெட்டது என்றாள், ஊர் சிரித்தது போதாதா என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கெஞ்சி யாரையும் பார்த்ததில்லை. அதை அவள் முறைப்பு என்று எடுத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அவள் முதுகு கதவுக்குள் மறைந்ததைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம் என்று டாக்டர் சொன்னது மட்டும் தெளிவாக ஞாபகம் இருந்தது. கேமரா ஹாலில் இருந்தது, மகள் கோயம்புத்தூரில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் குளித்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ முணுமுணுப்பது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. ஒரு சத்தம் போட்டால் போதும். மலை எப்போதும் போல இருந்தது. என் குரல் இருந்த இடத்தில் நான் மட்டும் அடைபட்டிருந்தேன்.

வாய் கொப்பளிக்கத் தண்ணீர் எடுக்கத்தான் அவள் உள்ளே போயிருந்தாள். செம்போடு வந்து என் வாயில் வைத்தாள். தண்ணீர் உள்ளே போய், வலது ஓரமாக வழிந்து பனியனை நனைத்தது. வெறும் தண்ணீர். சிவப்பே இல்லை. அவள் செம்பைக் கீழே வைத்தாள். சொன்னபடியே விரலை என் வாய்க்குள் விட்டாள், வலது கடைவாயில், பிறகு இடதில், நாக்குக்கு அடியில். விரலை வெளியே எடுத்துப் பார்த்தாள்.

“வாயில ஒண்ணுமில்லையே” என்றாள், ரொம்ப மெதுவாக.

அப்போது என் பெயரைச் சொன்னாள். கல்யாணமானதிலிருந்து முதல் தடவை. நான் பதில் சொல்லவில்லை என்றதும் மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை கூவினாள், தெரு கேட்டிருக்கும். மூன்று முறை கூப்பிட்டும் ஆஜராகாதவனுக்கு என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். உள்ளூர் ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் மல்லாந்து கிடந்தேன். ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டது. எத்தனையோ வருஷம் பஸ்ஸில் தூக்கிப்போட்ட அதே தடை, கோர்ட்டு நிறுத்தம் வந்துவிட்டது என்று நான் எழுந்துகொள்கிற இடம். ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா, போயாகிவிட்டது. வண்டி நிற்காமல் கடந்தது.

புது வால்வு போன அதே வழியாகக் குழாயை விட்டு, மூளையில் அடைத்திருந்த ரத்தக்கட்டியை இழுத்து எடுத்தார்கள். கட்டி வால்விலிருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டர், நிச்சயமாகச் சொல்ல முடியாதாம். வெற்றிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இந்தத் தடவையும் சொன்னார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பதையும் சொன்னார். பொதுவாகத்தான் சொன்னார். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். தப்பு உன்மேல் இல்லையடி, நீ பார்த்ததை யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று சொல்ல எனக்கு எல்லா வார்த்தையும் தயாராக இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. அன்றைக்கு அழுதேன். அது கோணலாகத்தான் இருந்திருக்கும்.

கை சீக்கிரம் திரும்பிவிட்டது, இதை அதனால்தான் எழுத முடிகிறது. நாக்கு அவ்வளவு நல்லவனில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் எழுத்து எழுத்தாகச் சொல்லவைத்தாள். பேச்சு வந்துவிட்டது, மெதுவாக. கடைசியில் வருகிற ‘ர்’ மட்டும் வர மாட்டேன் என்கிறது. கூவ முடியாது. காலைக் கூப்பாடு நின்றுவிட்டதால் பக்கத்து வீட்டுக்காரர் இப்போது நிஜமாகவே கடிகாரம் பார்க்கிறாராம்.

வெற்றிலையை நானாகவே விட்டுவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் இப்போது தடை செய்யப்பட்டது வேறு ஒன்று, மௌனம். நான் பேசாமல் இருந்தால் அவளால் தாங்க முடியாது. பேப்பர் படித்தாலும், மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாலும், ஒரு வார்த்தைக்காகக் கொஞ்சம் யோசித்தாலும், அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறாள், பெயர் சொல்லி. ஒரு தடவை சொல்லிவிட்டதால் கூச்சம் விட்டுப்போயிற்று போல. நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். முதலில் ‘ம்’ என்றேன். அது போதாதாம், ‘ம்’ யார் வேண்டுமானாலும் சொல்வார்களாம். வார்த்தையாக வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் வேண்டுமென்றே சும்மா இருந்தேன். குறும்புதான், அதோடு கொஞ்சம் ஆசையும். என் பெயர் அவள் வாயில் எப்படி இருக்கிறது என்று இன்னொரு தடவை கேட்கலாம் என்று. இரண்டாம் தடவை கூப்பிட்டாள், நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது கூப்பாடு பாதியில் உடைந்து, அவள் மாவு ஒட்டின கையோடு ஓடி வந்து, என் தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டுவிட்டாள். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, இந்தத் தடவை வெட்கத்தால்.

அதிலிருந்து முதல் கூப்பாட்டிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், கூப்பிட்டு முடிக்கிற வரைகூட விடுவதில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நிற்கிறது. அவள் காது கொடுத்துக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

“ஆஜ” என்கிறேன்.

பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்குகிறது.